உள்ளே எள்ளா, தேங்காயா?

விநாயகர் சதுர்த்தியன்று எங்கள் வீட்டில் மூன்று வகைக் கொழுக்கட்டை வேகும். தேங்காய்ப் பூரணம், எள்ளுப் பூரணம், உளுத்தம் பூரணம். மேல்மாவு மூன்றுக்கும் ஒன்றுதான். உளுந்தை அம்மா சோமாசி மாதிரி மடித்துவிடுவார், அதில் குழப்பமில்லை. தேங்காயும் எள்ளும்தான் தகராறு. ஒரே உருண்டை, ஒரே மூக்கு. வெந்து தாம்பாளத்தில் கொட்டிவிட்டால் எது எது என்று பிள்ளையாருக்கே வெளிச்சம். எள்ளு மட்டும் தின்னும் என் அண்ணன் ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்த்து வைப்பான். பிட்டு வைத்ததை யார் தின்பது? ஒரு வருஷம் அம்மா பொறுக்க முடியாமல் எள்ளுக் கொழுக்கட்டை ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு குங்குமப்பூ இழையைச் சொருகிவிட்டார். சண்டை ஓய்ந்தது.

பின்னாளில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியோடு பல வருஷம் குப்பை கொட்டியபோது, நான் செய்வதும் அந்தக் குங்குமப்பூ வேலைதான் என்று அடிக்கடி தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. உள்ளே என்ன வைத்தோம் என்பது அம்மாவுக்குத் தெரியும். ரத்தத்தில் எந்தச் செல்லுக்குள் என்ன பூரணம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. குங்குமப்பூவே தானாகப் போய், எள்ளுக் கொழுக்கட்டையைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தம் என்பது கடுகைவிடச் சிறிய துளி. அதில் சிவப்பணுக்கள் நாற்பது, ஐம்பது லட்சம். வெள்ளையணுக்கள் 4,000-லிருந்து 11,000 வரை. வெள்ளையணுக்களிலும் சிலவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். நியூட்ரோஃபில் ரவா லட்டு மாதிரி உள்ளே பொருபொருவென்று துகள் நிறைந்தது. மோனோசைட் பெரியது. லிம்ஃபோசைட்தான் தேங்காய், எள்ளு விவகாரம். நுண்ணோக்கியில் எல்லாம் ஒரே மாதிரி சின்ன உருண்டைகள். அவற்றுக்குள் கிருமிக்கு எதிரான படையைக் கூட்டும் உதவி டி செல் இருக்கும், நோய் தொற்றிய செல்லைக் கொல்லும் டி செல் இருக்கும், ஆன்டிபாடி சுரக்கும் பி செல் இருக்கும். உருவத்தை வைத்துப் பிரிக்கவே முடியாது. பிட்டுப் பார்த்தாலோ செல் செத்துவிடும்.

ஆனால் பெயர் வெளியே எழுதியிருக்கிறது. கல்யாணச் சீர் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருவார்களே, அப்படி. பத்து வீட்டுப் பாத்திரம் கலந்து கிடந்தாலும் திருப்பிப் பார்த்து நம்முடையதை எடுத்துவிடுகிறோம். செல்லின் மேல் சவ்விலும் புரதங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எந்த வேலைக்கான செல்லோ அந்த வேலைக்கு வேண்டிய புரதங்கள். இவற்றுக்குச் சிடி என்று தொடங்கும் எண்கள் உண்டு. டி செல் என்றால் சிடி3. அதில் உதவிக்காரர் சிடி4, கொலைகாரர் சிடி8. பி செல் என்றால் சிடி19.

எண்ணாக வைத்ததற்குக் காரணம் உண்டு. சிறுபருப்பு, பாசிப்பருப்பு, பயத்தம்பருப்பு என்று ஒரே பருப்பை ஊருக்கொரு பெயரில் கேட்கிறோமே, எழுபதுகளின் கடைசியில் ஆய்வுக்கூடங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. ஒரு கூடம் டி4 என்றது, இன்னொன்று லியூ-3 என்றது. இரண்டும் ஒரே புரதம். 1982-இல் பாரிஸில் கூடி, யார் கண்டுபிடித்தாலும் எண் ஒன்றுதான் என்று முடிவுசெய்தார்கள். அந்தப் பட்டியல் இன்று 370-ஐத் தாண்டிவிட்டது.

பெயரைப் படிக்கிற ஆள்தான் ஆன்டிபாடி. பாடப்புத்தகம் எதிர்ப்பொருள் என்கிறது, லேபில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஒய் எழுத்து வடிவில் இருக்கும் புரதம் இது. அந்த இரண்டு கைகளின் நுனியும் ஒரே ஒரு வடிவத்தில் மட்டும் கச்சிதமாக உட்காரும். சம்படத்துக்கு மூடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்க ஒரே அளவாக இருக்கும் நாலு மூடியைப் போட்டுப் பார்த்தாலும், அதனதன் சம்படத்தில் மட்டும்தான் ‘டப்’ என்று உட்காரும்.

சிடி4-க்கு மட்டும் பொருந்தும் மூடியை யார் செய்து தருவது? எலி. மனித டி செல்லை எலிக்கு ஊசி போட்டால், அந்நியப் பொருள் வந்துவிட்டது என்று எலியின் உடம்பு ஆன்டிபாடிகளைச் சுரக்கும். ஆனால் அது தீபாவளி மிக்சர் மாதிரி. நூறு விதம் கலந்திருக்கும், அடுத்த எலியில் கலவையே வேறாக இருக்கும். ஒரே விதம் மட்டும் வேண்டுமென்றால் அதைச் சுரக்கும் ஒற்றை பி செல்லைத் தனியே வளர்க்க வேண்டும், அதுவோ சில நாளில் செத்துப்போகும். 1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் இதற்கு வழி கண்டார்கள். அந்த பி செல்லைச் சாவே இல்லாத ஒரு புற்றுநோய்ச் செல்லோடு இணைத்துவிட்டார்கள். பிறந்தது ஓர் உறைமோர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விட்டால் அதே தயிர், நாளைக்கும் அதே தயிர். அந்தச் செல் பெருகப் பெருக, அச்சுப் பிசகாத ஒரே ஆன்டிபாடி வந்துகொண்டே இருக்கும். 1984-இல் இதற்கு நோபல் கிடைத்தது. இருவரும் காப்புரிமை வாங்காமலே விட்டார்கள் என்பது இன்றைக்கு ஆன்டிபாடிக் குப்பி வாங்கும்போதெல்லாம், அதன் விலையைப் பார்த்ததும், எனக்கு நினைவுக்கு வரும்.

மூடி உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்ததை எப்படிப் பார்ப்பது? ஆன்டிபாடியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு சொச்சம். அதன் முதுகில் விளக்கேற்றினால்தான் உண்டு.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் ஊதா டார்ச் ஒன்று வேண்டும். சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கை கழுவும் ஸ்பிரிட் சானிடைசரை ஊற்றி, விரல் நுனியில் எடுத்த மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கி, தூள் அடியில் தங்கட்டும் என்று விடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை அடியுங்கள். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஊதா உள்ளே போகிறது, பச்சை கலந்த மஞ்சள் பளீரென்று வெளியே வருகிறது. டார்ச்சை அணைத்தால் அந்தக் கணமே அதுவும் அணைகிறது. தண்ணீரில் கலக்கினால் இவ்வளவு சோபிக்காது.

நடப்பது இதுதான். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் மூலக்கூறு ஊதா ஒளியை விழுங்கித் துள்ளி எழுகிறது. வாங்கியதில் கொஞ்சத்தைச் சூடாகச் சிந்திவிட்டு மீதியைத் திரும்ப ஒளியாகவே கொடுக்கிறது. கொஞ்சம் குறைந்துபோன ஒளி என்பதால் நிறம் மாறுகிறது. ஊதா போனால் பச்சை வரும், நீலம் போனால் பச்சையோ ஆரஞ்சோ வரும். போன நிறமும் வந்த நிறமும் வேறு என்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். போன நிறத்தை வடிகட்டித் தள்ளிவிட்டால், வந்தது மட்டும் இருட்டில் நட்சத்திரம் மாதிரி தெரியும். 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இதை விளக்கினார். ஒளிரும் சாயத்தை ஆன்டிபாடியில் ஒட்டலாம் என்று ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் 1941-இல் செய்து காட்டினார்.

லேபில் மஞ்சளைப் பயன்படுத்துவதில்லை. ஃப்ளோரசீன் என்ற சாயம் பழைய ஆள். நீல லேசர் பட்டால் பச்சை. அதைவிட எனக்குப் பிடித்தது ஃபைகோஎரித்ரின். லேபில் சுருக்கமாக பி.இ. என்போம். அது செயற்கைச் சாயமே கிடையாது, சிவப்புக் கடற்பாசியின் புரதம். ஆழத்தில் எட்டும் சொற்ப வெளிச்சத்தையும் வாரிக்கொள்வதற்காகப் பாசி வைத்திருக்கும் உறுப்பு அது. நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சுகிறோமே, அதைத் தருவதும் இதே சிவப்புப் பாசிக் குடும்பம்தான். பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் இந்த வகையே. பி.இ. மூலக்கூறு ஆன்டிபாடியைவிடப் பெரியது. ஆளைவிடப் பெரிய பெட்ரோமாக்ஸைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் போகிறவரைப் போல அந்த ஆன்டிபாடி நடக்கும். வெளிச்சமும் அப்படித்தான். அதனால் செல்லின் மேல் அரிதாக இருக்கும் புரதத்துக்கு பி.இ., மண்டிக் கிடக்கும் புரதத்துக்கு மங்கலான சாயம் என்று பங்கிடுவோம். வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாதிரி, யார் எந்தப் புரதத்துக்கு எந்த நிறம் கொடுக்கிறார்கள் என்பதிலேயே ஆளின் அனுபவம் தெரிந்துவிடும்.

சமையலுக்கு வருவோம்.

ரத்தம் ஊதா மூடிக் குழாயில் வரும். உள்ளே இ.டி.டி.ஏ. என்ற உப்பு. ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும், அதை இந்த உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு, நல்ல எண்ணத்தில் அதைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைப்பது. சமையலறைப் புத்தி. சிடி4 எண்ணுவதற்கான ரத்தம் அறைச் சூட்டில்தான் இருக்க வேண்டும்.

சின்னக் குழாயில் நூறு மைக்ரோலிட்டர் ரத்தம், அதில் ஆன்டிபாடி சில சொட்டு. கூடப் போட்டால் நன்றாக ஒட்டும் என்று நினைக்கக் கூடாது. பெருங்காயம் மாதிரி. அளவு மீறினால் எல்லாவற்றிலும் வாடை ஏறிவிடும், எது நிஜமாக ஒட்டியது, எது சும்மா தொற்றியது என்று தெரியாது. சும்மா தொற்றுவதில் மோனோசைட் பெரிய ஆள். ஆன்டிபாடியின் கையைப் பார்க்காமல் காலைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதன் மேல் நிறைய இருக்கின்றன. பலாப்பழம் அரிவதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வோமே, அதே வைத்தியம்தான் இதற்கும். நிறமில்லாத சாதா ஆன்டிபாடியை முதலில் ஊற்றி அந்தப் பிசுக்கு இடங்களை எல்லாம் அடைத்துவிட வேண்டும்.

பிறகு இருபது நிமிஷம் இருட்டில். ஏன் இருட்டு என்று மாணவர்கள் கேட்டால், வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை உங்கள் வீட்டில் எப்படிப் போக்குவார்கள் என்று திருப்பிக் கேட்பேன். சோப்புப் போட்டு வெயிலில் காயப்போட்டால் கறை தானே வெளுத்துவிடும். ஒளி சாயத்தைத் தின்றுவிடும். நம் குழாயிலும் அதுவே நடக்கும்.

அடுத்து சிவப்பணுக்களை விரட்ட வேண்டும். ஒரு வெள்ளைக்கு ஐந்நூறு, ஆயிரம் சிவப்பு என்ற கணக்கில் கூட்டம் இருந்தால் ஒன்றும் தெரியாது. இதற்கு ஊற்றுவது அம்மோனியம் குளோரைடு. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துணியில் தொட்டுத் தேய்ப்பாரே, அந்த நவச்சாரம்தான். இதில் சிவப்பணுக்கள் தண்ணீரைக் குடித்து உப்பி வெடிக்கும். வெள்ளையணுக்கள் கொஞ்ச நேரம் தாங்கும். பத்து நிமிஷத்தில் கலங்கிய குழாய் செந்நிறக் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும். அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும், டீ குடிக்கப் போய்விட்டால் வெள்ளையும் போய்விடும். கடைசியாகச் சுழற்றி, அரிசி களைந்த கழுநீரைச் சாய்ப்பதுபோல் மேலே நிற்பதைச் சாய்த்துவிட்டால், அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் கொழுக்கட்டைத் தாம்பாளம்.

இப்போது அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கான செல்களை முண்டியடிக்காமல் வரிசையில் எப்படி நிறுத்துவது? கருவிக்குள் இருக்கும் விஷயங்களிலேயே அழகானது இதுதான். முறுக்கு அச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் துளைத் தட்டு. உரலுக்குள் வெள்ளை மாவை அடைத்து, நட்டநடுவில் விரலளவுக்குப் பீட்ரூட் சாறு பிசைந்த சிவப்பு மாவை வையுங்கள். பிழிந்தால் என்ன வரும்? வெள்ளை முறுக்கு, அதன் நெஞ்சுக்குள் நூல்போல ஒரு சிவப்புக் கோடு. மாவுகள் கலப்பதில்லை. வெளி மாவு ஒடுங்க ஒடுங்க உள் மாவும் ஒடுங்குகிறது. சிவப்பு மாவில் கடுகைக் கலந்திருந்தால் கடுகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வந்தாக வேண்டும். கருவியில் வெள்ளை மாவுக்குப் பதில் உப்புநீர், சிவப்பு மாவுக்குப் பதில் நம் செல் கரைசல், கடுகுக்குப் பதில் செல். அவசரப்பட்டு உள் மாவை அழுத்தித் தள்ளினால் கோடு தடித்து, இரண்டு கடுகு அக்கம்பக்கமாக வந்துவிடும்.

அந்த நூலின் குறுக்கே லேசர் நிற்கிறது. 488 நானோமீட்டர் நீலம் எங்கும் உண்டு. கொஞ்சம் வசதியான இடத்தில் சிவப்பும் ஊதாவும் இருக்கும். ஒவ்வொரு செல்லும் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம் மட்டும் அந்த ஒளியில் குளித்துவிட்டுப் போகும். நேரே முன்னால் சிதறும் ஒளி செல்லின் பருமனைச் சொல்லும், பக்கவாட்டில் சிதறுவது உள்ளே எவ்வளவு பொருபொருப்பு என்று சொல்லும். ரவா லட்டு எது, வழவழ உருண்டை எது என்று இதிலேயே பிரிந்துவிடும். சாயங்களின் ஒளி கண்ணாடிச் சல்லடைகள் வழியாகப் போகிறது. முதல் சல்லடை பச்சையை ஒரு பக்கம் திருப்பிவிட்டு மற்றதைக் கீழே விடும், அடுத்தது ஆரஞ்சைத் திருப்பும். ரவைச் சல்லடை, மாவுச் சல்லடை என்று அடுக்கியதுபோல. ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஒளியுணரி. நொடிக்குப் பத்தாயிரம் செல் வரை சர்வசாதாரணமாகப் பார்த்துவிடும். அண்ணனால் ஆயுளுக்கும் அத்தனை கொழுக்கட்டை பிட்டிருக்க முடியாது.

கருவி ‘பார்த்துவிடும்’ என்று எழுதிவிட்டேன், அது சரியில்லை. கருவி செல்லைப் பார்ப்பதே இல்லை. இந்த உணரியில் இவ்வளவு பச்சை, அந்த உணரியில் இவ்வளவு ஆரஞ்சு என்று எண்களைத்தான் எழுதிக்கொள்கிறது. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது, கவலையும் கிடையாது. கவலைப்பட வேண்டியது நாம்.

முதல் கவலை, அஞ்சறைப்பெட்டிக் கவலை. மிளகாய்த்தூள் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் மஞ்சள் சிந்திக் கிடக்கும். சாயங்களும் இப்படித்தான். ஃப்ளோரசீன் பச்சை என்றாலும் சுத்தப் பச்சை கிடையாது, அதன் ஒளியின் வால் ஆரஞ்சு வரை நீளும். அந்த வால் பி.இ.யின் உணரியில் விழும். பச்சை மட்டுமே ஒட்டிய செல், பச்சையும் ஆரஞ்சும் ஒட்டியதாகத் தோன்றும். மனிதக் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் ‘ஏதோ சிந்தியிருக்கு’ என்று சொல்லும். கருவி சொல்லாது.

இதற்கு என்ன செய்வது? மஞ்சள் கிண்ணத்தை மட்டும் நிரப்பி, மற்றதைக் காலியாக விட்டுப் பெட்டியைக் குலுக்க வேண்டும். பக்கத்துக் கிண்ணத்தில் நூற்றுக்குப் பதினைந்து விழுந்தது என்று வையுங்கள். இனி எப்போதும் மிளகாய்க் கிண்ணத்தை அளக்கும்போது, மஞ்சள் எவ்வளவோ அதில் நூற்றுக்குப் பதினைந்தைக் கழித்துக்கொள்ளலாம். இதன் பெயர் காம்பன்சேஷன். ஒவ்வொரு சாயத்துக்கும் அந்தச் சாயம் மட்டும் போட்ட தனிக் குழாய் ஒன்று ஓட்டியாக வேண்டும். எட்டு நிறம் என்றால் எட்டுக் குழாய் கூடுதல். மெனக்கெட்ட வேலைதான். இதைச் சோம்பேறித்தனமாகப் போன மாதக் கணக்கை வைத்து ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் ஓட்டியிருக்கிறேன்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சாம்பாரில் பெருங்காயம் ஏறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், மற்ற எல்லாம் போட்டு, பெருங்காயத்தை மட்டும் விட்டு ஒரு கரண்டி தனியே கொதிக்கவைத்து ருசி பார்ப்பதுதான் நேர்மையான வழி. அதைப்போல ஒரே ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்ட குழாயை ஓட்டினால், அது இல்லாமலே எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பிடிபடும். அதற்கு மேல் தெரிந்தால்தான் நிஜம்.

நான் வகையாக மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். இரட்டைச் சாயம் என்று ஒரு ரகம் இருக்கிறது. பி.இ. ஒளியை வாங்கி, தன்னோடு ஒட்டியிருக்கும் சை7 என்ற இன்னொரு சாயத்துக்குக் கைமாற்றிவிடும். சை7 அதை ஆழ்ந்த சிவப்பாக வெளியே விடும். பந்தியில் சாம்பார் வாளியைக் கைமாற்றிக் கொடுப்பது மாதிரி. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால்? முதல் ஆளே பரிமாற ஆரம்பித்துவிடுவார். வெளிச்சம் பட்டால் சை7 சீக்கிரம் கெட்டுவிடும், பி.இ. அவ்வளவு சீக்கிரம் கெடாது. எங்கள் கலவையில் சிடி8-க்கு இந்த இரட்டைச் சாயம், பி செல்லின் சிடி19-க்கு வெறும் பி.இ. ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால், கொலைகார டி செல்கள் அத்தனையும் சிடி19-உம் வைத்திருக்கின்றன! உலகத்தில் இல்லாத இனம். ஒரு மணி நேரம் நோபல் கனவில் மிதந்தேன். எங்கள் சீனியர் வந்து திரையை ஒரு பார்வை பார்த்தார். கருவியைத் தொடக்கூட இல்லை. “ஏம்மா, குப்பிய நேத்து எங்க வச்சிருந்த?” என்றார். ஜன்னலோரம். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பும்வரை.

கருவியே உண்டாக்கிய உருவத்தை உண்மை என்று நம்பிவிடுவது இந்தத் துறை பிறந்தபோதே இருந்த ஆபத்து. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் சிவப்பணுக்களின் பருமனை மின்சாரத்தால் அளந்து வரைந்தபோது, ஒட்டக முதுகு மாதிரி இரண்டு திமில் வந்தது. இரண்டு வகைச் சிவப்பணு உண்டோ என்று சிலர் நினைத்தார்கள். மாக் ஃபுல்வைலர் என்ற பொறியாளர் ஒரு திமிலின் செல்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து மறுபடி ஓட்டினார். மறுபடியும் இரண்டு திமில்! தட்டையான செல் எந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு போகிறது என்பதில் வந்த குழப்பம் அது. இந்தச் சின்னச் சந்தேகத்தைத் தீர்க்கக் கட்டிய கருவிதான் 1965-இல் வந்த செல் பிரிப்பான். ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்சன்பெர்க் அதை எடுத்து, லேசரையும் ஒளிரும் ஆன்டிபாடியையும் சேர்த்து, இன்று நாம் அறியும் வடிவுக்குக் கொண்டுவந்தார்.

பிரிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: சமையலறைக் குழாயை நூல்போல ஒழுகவிட்டு, தலையில் நன்றாக இழுத்த பிளாஸ்டிக் சீப்பைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். நீர் வளையும். கருவியில் நூலைக் கீழே சொட்டுகளாக உடைத்து, வேண்டிய செல் இருக்கும் சொட்டுக்கு மட்டும் மின்னேற்றம் கொடுத்து, போகும் வழியில் இரண்டு தகடுகளால் இழுத்துத் தனிக் குழாயில் விழச் செய்கிறார்கள். சொட்டாக உடைக்கும் நுட்பம் மையச்சுக் கருவியிலிருந்து வந்தது.

திரையில் கடைசியாக வருவது புள்ளிக் கோலம். ஒரு புள்ளி ஒரு செல். அதில் எந்தக் கூட்டத்தை எடுத்துக்கொள்வது என்று சுட்டியால் வேலி போட வேண்டும், அதைக் கேட் போடுவது என்போம். முதல் வேலி, ஒட்டிக்கொண்ட இரட்டைகளைத் தள்ள. இரண்டு பணியாரம் ஒட்டிக்கொண்டால் உயரம் ஒன்றின் உயரம்தான் இருக்கும், பரப்பு இரட்டிக்கும். அதை வைத்துப் பிடித்துவிடலாம். அடுத்த வேலி, செத்த செல்களைத் தள்ள. வாய் பிளந்த கொழுக்கட்டைக்குள் தண்ணீர் ஏறிவிடுவதுபோல, செத்த செல்லுக்குள் எந்தச் சாயமும் புகுந்துவிடும். அதற்கென்றே உயிருள்ள செல்லுக்குள் போக முடியாத சாயம் ஒன்றைப் போட்டு வைப்போம், அது உள்ளே தெரிந்தால் பிணம். பிறகுதான் சிடி3, அதற்குள் சிடி4. நேரே சிடி4-க்குப் போகக் கூடாது, ஏனென்றால் மோனோசைட்டும் மங்கலாக அதே பெயரை வெட்டி வைத்திருக்கிறது. இரண்டு அடையாளமும் பொருந்தினால்தான் ஆள் சரி.

சிடி4-இன் எண்ணிக்கை வெறும் ஆராய்ச்சிக் கணக்கில்லை. 1981-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மர்மமான நிமோனியாவோடு வந்த இளைஞர்களின் ரத்தத்தில் உதவி டி செல்கள் அநேகமாக இல்லாமலே போயிருந்ததை மைக்கேல் காட்லீப் குழுவினர் கண்டது, அப்போதுதான் புதிதாக வந்திருந்த இந்த வகை ஆன்டிபாடிகளால்தான். அதற்குக் காரணமான எச்.ஐ.வி. வைரஸ், சிடி4 என்ற அந்தப் பெயர்ப்பலகையைப் பிடித்துத்தான் செல்லுக்குள் நுழைகிறது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக அந்தத் தொற்றைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்து தொடங்கிய ஒரு சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அப்போதெல்லாம் ஒரு மைக்ரோலிட்டருக்கு 200 என்ற கோடுதான் மருந்து தொடங்குவதைத் தீர்மானித்தது. உடல்நலமுள்ள ஒருவருக்கு சிடி4 எண்ணிக்கை 500-க்கும் 1,500-க்கும் இடையில் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2010-இல் கோட்டை 350-க்கு உயர்த்தியது, 2013-இல் 500. 2015-இல் கோடே வேண்டாம், தொற்று தெரிந்த உடனே மருந்து என்றது. இந்தியாவும் 2017-இல் அதற்கு மாறியது. ஆனாலும் 200-க்குக் கீழே இறங்கியவருக்குக் காசநோய் போன்ற பிற தொற்றுகளின் ஆபத்து அதிகம் என்பதால் எண்ணுவது நிற்கவில்லை.

எண்ணுவதிலும் ஒரு பாட்டி வித்தை இருக்கிறது. அண்டா நிறைய மொச்சை, எத்தனை என்று சொல்ல வேண்டும். எண்ணிய ஆயிரம் புளியங்கொட்டையை அதில் கொட்டிக் கலக்கு. இரண்டு கை அள்ளு. கையில் நூறு புளியங்கொட்டை வந்தால், அள்ளியது அண்டாவில் பத்தில் ஒரு பங்கு. கையிலிருக்கும் மொச்சையைப் பத்தால் பெருக்கு. லேபில் புளியங்கொட்டைக்குப் பதில் ஒளிரும் பிளாஸ்டிக் மணிகள். 50 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 50,000 மணி போட்டோம், கருவி 5,000 மணியையும் 2,000 சிடி4 செல்லையும் பார்த்தது என்றால், மொத்தம் 20,000 செல். ஐம்பதால் வகுத்தால் மைக்ரோலிட்டருக்கு 400. ரத்தத்தை அளந்து ஊற்றும்போது குழாய் விளிம்பில் ஒரு துளி தங்கிவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் சாயும். அதனால்தான் அந்த ஒரு வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் 190 என்பது 205 ஆகலாம். 200-தான் கோடு என்றிருந்த நாட்களில் அந்தச் சீட்டுக்காக வெளியே பெஞ்சில் ஒருவர் காத்திருப்பார். திரையில் சுட்டியை நகர்த்தும்போது அவர் முகம் எனக்குத் தெரியாது, நல்லவேளை.

இப்போது ஒரே குழாயில் நாற்பது நிறம்கூட ஓட்டுகிறார்கள். ஒரு சாயத்துக்கு ஒரு சல்லடை என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சாயத்தின் முழு ஒளிச் சாயலையும் அளந்து கணினியில் பிரிக்கும் கருவிகள் வந்துவிட்டன. அஞ்சறைப்பெட்டி நாற்பதறை ஆகியிருக்கிறது. சிந்துவது மட்டும் நிற்கவில்லை, கழித்தல் கணக்கைக் கணினி வேகமாகப் போடுகிறது.

சாயங்காலம் கடைசிக் குழாய் ஓடி முடிந்ததும் பாத்திரம் கழுவும் வேலை இருக்கிறது. ப்ளீச் கரைசலைப் பத்து நிமிஷம் உள்ளே ஓட்ட வேண்டும், பிறகு ப்ளீச் வாடை போக வடித்த தண்ணீர். இதை ஏமாற்றினால் இன்றைய ரத்தம் நாளைய ரத்தத்தோடு வரும். மறுநாள் காலையில் முதலில் போவது நோயாளியின் குழாய் இல்லை, அளவு தெரிந்த ஒளிமணிகள். கல் காய்ந்ததா என்று பார்க்க ஊற்றும் முதல் தோசை. அது ஒட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்குப் பந்தி தாமதம்தான்.